சந்தைக்குப் போன மேல்சீலை

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு தெற்குத் திருவிதாங்கூரில் எதிரே வருகிற பெண் யார் வீட்டுக்காரி என்று தெரிந்துகொள்ள அவளிடம் பேச வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தைப் பார்த்தால் போதும். குடம் இடுப்பில் இருந்தால் மேல்சாதி. சாணார் என்று அன்றைய ஆவணங்கள் குறிப்பிடும் நாடார் வீட்டுப் பெண்ணோ குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த விலக்குகளை வரிசையாக எழுதிவைத்தார். குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, தங்க நகை கூடாது, மாடி வீடு கூடாது, பசுவில் பால் கறக்கக்கூடாது. பேச்சிலும்கூட மற்றவர்கள் புழங்கும் சொற்களைத் தங்களுக்குப் பயன்படுத்தக்கூடாது. பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: இடுப்புக்கு மேலே துணி கூடாது.

கடைசி விலக்கு மட்டும் பெரும்பேர் பெற்றது. தோள்சீலைக் கலகம் என்று பள்ளிப் பிள்ளைகள் படித்தது அதைத்தான். மானத்துக்காக நடந்த போராட்டம் என்றே மேடைகளில் அது பேசப்படுகிறது. மானம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நாற்பது ஆண்டுக் கதையை அரசாணைகளை வைத்துக்கொண்டு படித்தால் துணிக்குப் பக்கத்திலேயே வரி, கூலி, சந்தை, சம்பளமில்லா வேலை எல்லாம் வந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.

முதலில் இடம். அன்று தெற்குத் திருவிதாங்கூரைச் சேர்ந்த குலசேகரம் இன்று ரப்பர் ஊர். தக்கலையிலிருந்து திருவட்டார் வழியாக மலைப்பக்கம் ஏறினால் தென்னை குறைந்து, பால் வெட்டிய வடுவோடு ரப்பர் மரங்கள் வரிசை கட்டும். பேச்சிப்பாறை அணையும் ரப்பரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. அதற்கு முந்தைய நூற்றாண்டில் இது கல்குளம் பகுதியின் மலையோரம். கீழே பத்மநாபபுரம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர். பக்கத்தில் திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயில், அரச குடும்பத்துக்கு நெருக்கமான கோயில். அரண்மனையும் பெரிய கோயிலும் இருக்கிற பகுதியில் முறைமைகள் இறுக்கமாக இருக்கும். அதிகாரம் காரியக்காரர் என்ற சர்க்கார் அதிகாரியின் கையில். அவருக்குக் கீழே ஊரூராக நிலமுடைய மேல்சாதிக் குடும்பங்கள். கலகத்தின் முதல் அடிகள் கல்குளத்தில் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஊழியம் என்று ஒரு முறை இருந்தது. கூலி கிடையாது, கூப்பிட்டால் போக வேண்டும். சர்க்கார் உப்பும் மிளகும் சுமப்பது, யானைக்கு ஓலை வெட்டிப் போடுவது, பிராமணர்களுக்கு இலவசச் சாப்பாடு போடும் ஊட்டுப்புரைகளுக்குக் காய்கறியும் இலையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது, கச்சேரிக்கும் கொட்டாரத்துக்கும் காவல் நிற்பது. திருவனந்தபுரத்தில் ஆறாண்டுக்கு ஒருமுறை முறைஜபம் நடந்தால் அதற்கான சுமையும் இந்தத் தலைகளில்தான். இதற்கு மேல் தலைவரி, பனைக்கு வரி. பனையேறி அக்கானி (பதநீர்) இறக்குவது ஆண் வேலை. அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண் வேலை. பருவம் தொடங்கினால் அடுப்பு அணையாது. விறகு பொறுக்குவதும், கொதிக்கும் பானையை விடாமல் கிண்டுவதும், சிரட்டையில் வார்த்தெடுப்பதும், கடைசியில் கடவம் தூக்கிச் சந்தைக்குப் போவதும் அவள்தான். வீட்டுக்குள் காசு நுழையும் வழியில் பெண் நின்றாள் என்பதை இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

மேலாடை என்பது அந்த நாட்டில் வெயில், குளிர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவில்லை. அது ஒரு படிக்கட்டு. நாயர் பெண் தோளில் மேல்முண்டு போடலாம், ஆனால் தனக்கு மேலானவர் முன்னும் தெய்வத்தின் முன்னும் அதை எடுத்துவிட வேண்டும். ஆண்களுக்கும் இதுவே விதி. கோயிலுக்குள் மேல்துண்டை இடுப்பில் கட்டும் பழக்கம் அதன் எச்சம். ஆக, மார்பை மறைக்காமல் நிற்பது வெட்கக்கேடு என்று எல்லோரும் நினைத்த நாடல்ல அது. மறைக்காமல் நிற்பது பணிவு என்று வகுத்த நாடு. படியின் அடியில் இருந்தவர்களுக்கு எல்லோருமே மேலானவர்கள் என்பதால் எந்நேரமும் பணிவாக இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கைக் குழப்பியது 1806இல் வந்து சேர்ந்த ஒரு ஜெர்மன்காரர். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அழைத்ததன் பேரில் வந்த ரிங்கல்தௌபே அங்கே சபை தொடங்கினார். அடுத்து கர்னல் மன்றோ. 1810இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்து, சில ஆண்டுகள் திவான் பதவியையும் சேர்த்துப் பார்த்தவர். மதம் மாறிய பெண்கள் மற்ற நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களைப் போல உடலை மறைத்துக்கொள்ளலாம் என்று 1812இல் அவர் உத்தரவிட்டார். அரண்மனை ஆலோசகர்கள் கொதித்தார்கள். இப்படிப் போனால் சாதி வித்தியாசம் எப்படித் தெரியும் என்பது அவர்களுடைய கேள்வி. 1814இல் ஒரு சமரசம் வந்தது: கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், நாயர் பெண்களைப் போல மேல்முண்டு போடக்கூடாது.

குப்பாயம் என்பது தொளதொளவென்ற குட்டைச் சட்டை. அதற்கு முன்மாதிரியாக ஆணை காட்டியது யாரை என்பது கவனிக்கத்தக்கது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும். அவர்கள் பல தலைமுறைகளாகக் குப்பாயம் போட்டு வந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. காரணம் எளிது. அவர்கள் படிக்கட்டுக்கு வெளியே நின்றார்கள். குப்பாயம் போட்டவளைப் பார்த்தால் இவள் வேறு சமூகம் என்று தெரிந்துவிடும். மேல்முண்டு போட்டவளைப் பார்த்தால் இவள் நமக்குச் சமம் என்று சொல்வது போல இருக்கும். சர்க்காருக்கு முதலாவதில் ஆட்சேபம் இல்லை.

மிஷனரிகளுக்கும் குப்பாயமே போதுமானதாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது அடக்கமான உடை. லண்டன் மிஷன் பாதிரியார் மீட்டின் மனைவி அதற்கென ஒரு சட்டையை வடிவமைத்துக் கொடுத்தார். பெண்கள் அதை வாங்கிப் போட்டார்கள், அதன் மேலே மேல்சீலையையும் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று பாதிரிமார் அதிகாரிகளுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இந்த ஓர் இடத்தில்தான் அந்தப் பெண்களின் மனசு ஆவணங்களுக்குள் நேராகத் தெரிகிறது. மற்ற கடிதங்கள் எல்லாம் பாதிரிமார் மீட், மால்ட், ரெசிடெண்ட் கல்லன், திவான் மாதவராவ், கவர்னர் டிரெவெல்யன் என்று ஆண்கள் ஆண்களுக்கு எழுதியவை. அனுமதித்ததை வாங்கிக்கொண்டு அனுமதிக்காததையும் சேர்த்துப் போட்டுக்கொண்டதுதான் பெண்கள் கொடுத்த வாக்குமூலம்.

1822இல் கல்குளத்தில் அடி விழுந்தது. சந்தையில் நின்ற பெண்களின் மேல்துணி உருவப்பட்டது, கிழிக்கப்பட்டது, பெண்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போய், 1823இல் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று தீர்ப்பானது.

ஏன் சந்தையில்? மேல்சீலை போட்ட பெண் ஆற்றங்கரைக்கும் போனாள், சபைக்கும் போனாள். ஆனால் கலகம் ஒவ்வொரு முறை மூளும்போதும் சந்தை என்ற சொல் வந்துவிடுகிறது. வயல் வரப்பில் அவள் யாரோ ஒருவருடைய ஆள். மேல்சாதிக்காரர் வந்தால் இறங்கி விலகி நிற்பாள். சந்தையில் அவள் கடவம் இறக்கிவைத்து விலை சொல்கிறாள். வாங்க வருகிறவர் அவள் முன்னே குனிய வேண்டும். கூட்டத்தில் தீண்டாமைக் கணக்குக்கு வேண்டிய அடி தூரத்தை யாரும் அளந்து நிற்க முடியாது. அங்கே அவளை அடையாளம் காட்ட மிச்சமிருந்தது துணி ஒன்றுதான். அதையும் அவள் மாற்றிவிட்டால் காசை நீட்டுபவருக்கும் பொருளை நீட்டுபவளுக்கும் நடுவே வேறு எதுவும் இருக்காது. சந்தையில் கைவைத்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும்.

காசு வேறு வழியிலும் வரத் தொடங்கியிருந்தது. 1819இல் சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி தொடங்கினார். எழுத்தும் வேதமும் கற்றுக்கொடுத்ததோடு லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். திண்டு, ஊசி, நூல் சுற்றிய சிறு கட்டைகள், இவ்வளவுதான் கருவி. பின்னிய லேஸ் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு விற்றது, கப்பலேறியும் போனது. நெய்யூரிலும் இந்த வேலை பரவியது. பள்ளிச் செலவு அதிலிருந்து கிடைத்தது என்பது மிஷன் கணக்கு. பின்னியவளின் கையில் கூலி கிடைத்தது என்பது ஊர்க் கணக்கு. திருவிதாங்கூரில் அன்று அடிமைமுறை சட்டப்படியே இருந்தது. லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களையே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் இருந்ததாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மாராப்பு பற்றிய பேச்சில் இந்தச் செய்தி அமுங்கிப்போகிறது. அது நியாயமில்லை. யாருடைய வயலிலும் நிற்காமல், ஊழியத்துக்கும் போகாமல், திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெண் கூலி வாங்குவது இந்தப் பகுதிக்கு அதுவரை தெரியாத காட்சி.

1827இல் மறுபடி கிளம்பியது. இரணியல், கல்குளம், விளவங்கோடு எங்கும் சந்தையில் துணி உருவுதல், சபைக் கட்டிடங்களுக்குத் தீ, பள்ளிப் பிள்ளைகள் மீது அடி, ஊழியத்துக்கு வர மறுத்தவர்கள் மீது பொய்வழக்கு. மீட் பாதிரியாரின் உயிருக்கே குறி வைக்கப்பட்டது, உதயகிரிக் கோட்டையிலிருந்த படை பாதுகாப்புக்கு வந்தது. மீட் மீது கோபத்துக்குப் பழைய பாக்கி ஒன்று உண்டு. 1818இல் மன்றோ அவரை நாகர்கோவிலில் நீதிபதியாகவே உட்கார வைத்திருந்தார். கீழ்சாதிக்காரரின் பாதிரி மேல்சாதிக்காரரின் வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னால் ஊர் மறக்குமா?

1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாயின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. நாட்டு வழக்கத்துக்கு மாறாகச் சாணார் பெண்கள் மேல்சீலை அணிவது முறையல்ல, தடை. அதே தாளில், மற்றவர்களைப் போல அவர்களும் சர்க்காருக்குச் செய்ய வேண்டிய ஊழியத்தைத் தொடர்ந்து செய்ய வேண்டும். கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. அதே தாளில், அனுமதியில்லாமல் சபைக் கட்டிடம் எழுப்பக்கூடாது. உடைக்கு ஒரு ஆணை, வேலைக்கு ஒரு ஆணை என்று தனித்தனியாக எழுத அரண்மனைக்குத் தோன்றவில்லை. எழுதியவர்களுக்கு அவை ஒரே விவகாரம்.

பார்வதி பாயை இருட்டு வில்லியாக வரைவதும் எளிதல்ல. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் ஆணையிட்டவர் அவர்தான். நாகர்கோவில் செமினரிக்கு வயல் வாங்க 5000 ரூபாய் கொடுத்தவரும் அவரே. பள்ளிக்கூடம் கட்டலாம், படிக்கட்டை இடிக்கக்கூடாது என்பது அவருடைய அரசின் நிலை. சீர்திருத்த அரசர்கள் பலருக்கும் இந்த எல்லை இருந்திருக்கிறது.

எல்லையைத் தாண்டிப் பார்த்த ஒரு அரசரும் உண்டு, சுமார் நூறாண்டு கழித்துக் காபூலில். ஆப்கானிஸ்தானின் அமானுல்லா. 1919இல் ஆட்சிக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தார். குழந்தை மணத்தையும் பலதார மணத்தையும் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார். 1924இல் கோஸ்த் பகுதியில் கலகம் வெடித்தது. 1928இல் பக்மானில் கூட்டிய பேரவையில் ராணி சொரயா முகத்திரையை நீக்கினார். அந்த ஆண்டின் இறுதிக்குள் ஷின்வாரி இனத்தார் கிளர்ந்தெழ, 1929 ஜனவரியில் அமானுல்லா முடி துறந்து ஓடினார்.  கலகக்காரர்களின் கொடியில் முகத்திரை இருந்தது. கொடிக்கம்பத்தில் புதிய வரிகளும் கட்டாய ராணுவச் சேவையும் இருந்தன. திருவிதாங்கூரில் மறைத்ததற்கு அடி, காபூலில் திறந்ததற்குக் கலகம். துணி எந்தப் பக்கம் நகர்ந்தாலும், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற பட்டியல் குலைந்துவிடும் என்ற பயம் ஒன்றே.

1959இல் காபூலின் சுதந்திர விழாவில் பிரதமர் தாவூத், அமைச்சர்களின் மனைவிமார் முகத்திரையின்றி மேடையில் நிற்க ஏற்பாடு செய்தார். இம்முறை கட்டாயமாக்கவில்லை, விருப்பம் என்றார். 1964 அரசியல் சட்டம் பெண்களுக்கு வாக்கு கொடுத்தது. பிறகு சோவியத் படை, உள்நாட்டுப் போர், 1996இல் தாலிபான், 2021 ஆகஸ்டில் மறுபடி தாலிபான். 2022 மே மாதம் முகத்தை மறைக்க வேண்டும் என்று வந்த ஆணை, மீறும் பெண்ணுக்காக அவளுடைய வீட்டு ஆணைத் தண்டிக்கச் சொன்னது. அதே ஆண்டு பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி மூடியே கிடந்தது. டிசம்பரில் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவன வேலையும் தடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அழகு நிலையங்கள் மூடப்பட்டன. போரில் கணவனை இழந்து, சம்பாதித்துக் குடும்பம் நடத்திய பெண்களுக்கு முகத்திரையைவிட வேலைத் தடைதான் முதலில் வயிற்றில் அடித்தது. 1829இல் பத்மநாபபுரம் பகுதியில் அறிக்கை வாசிக்கக் கேட்ட ஒரு கருப்பட்டிக்காரிக்கு இதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

திருவிதாங்கூருக்குத் திரும்பலாம். மிஷன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் மதம் மாறாதவர்கள் சும்மா இருந்தார்கள் என்று தோன்றிவிடும். சாமித்தோப்பில் 1809இல் பிறந்த வைகுண்டர், தலையில் துணி கட்டக்கூடாது என்றிருந்த ஆண்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். வரிக்கொடுமையை வெளிப்படையாகப் பேசினார். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தார். சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. அவருடைய நிழல் தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்கள் ஊர் ஊராகப் பரவின. ஆகவே 1850களில் மேல்சீலை போட்டவர்கள் கிறிஸ்தவப் பெண்கள் மட்டுமல்ல. இந்து நாடார் பெண்களும் போட்டார்கள், சர்க்காரின் பழைய சமரசம் உடைந்தது. கிறிஸ்தவப் பெண்ணுக்குக் குப்பாயம் என்று பிரித்துக் கொடுத்தது இனிப் பயன்படாது.

1855 ஜூன் மாதம் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அடிமைமுறையை முழுவதும் ஒழித்து அறிவித்தார். வயலில் கட்டிப்போட்ட ஆளுக்கு இனி கட்டு இல்லை. நிலமுடையவர்களுக்கு இது பேரிடி. மூன்று ஆண்டு கழித்து, 1858 நவம்பர் 1ஆம் தேதி, விக்டோரியா ராணியின் அறிக்கை. மதத்திலும் பழைய வழக்கங்களிலும் அரசு தலையிடாது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. மேல்சாதியார் அதைத் தங்களுக்குச் சாதகமாக வாசித்தார்கள்: வழக்கத்தில் தலையிட மாட்டார்களாம், ஆகவே பழையபடி துணியை எடு. மற்றவர்கள் தங்களுக்குச் சாதகமாக வாசித்தார்கள்: எல்லோரும் சமமான குடிகளாம். டிசம்பர் 27ஆம் தேதி திவான் மாதவராவ், 1829 ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது என்று அறிவித்தார். பிற்காலத்தில் பரோடா வரை போய் நவீன நிர்வாகி என்று பெயரெடுத்த அதே மாதவராவ். அந்த அறிவிப்பைச் சந்தைகளில் நின்றவர்கள் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1859 ஜனவரியில் தோவாளைப் பக்கம் திட்டுவிளை வரை வீடுகள் எரிந்தன, சூறையாடப்பட்டன. கலகம் ஓயும்போது ஒன்பது சபைக் கட்டிடங்களும் மூன்று பள்ளிக்கூடங்களும் சாம்பல். இம்முறை அடி வாங்கியவர்கள் திருப்பியும் அடித்தார்கள்.

ரெசிடெண்ட் கல்லன் இருபதாண்டுக் காலம் திருவிதாங்கூரில் இருந்து அரண்மனையோடு ஒன்றிப்போனவர், அவசரப்படவில்லை. சென்னை கவர்னராக அந்த ஆண்டு வந்த சார்லஸ் டிரெவெல்யன் அவருக்குக் காட்டமாக எழுதினார். நீதி முழுக்க ஒரே பக்கம் இருக்கும் இதுபோன்ற வழக்கைத் தான் அரிதாகவே கண்டதாகச் சொன்னார். அழுத்தம் வேலை செய்தது. 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் அறிக்கை: சாணார் பெண்கள், எந்த மதமானாலும், கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது.

கடைசி வாக்கியத்தில் அரசு தன் உள்ளத்தைச் சொல்லிவிட்டது. மறைப்பதில் அதற்கு ஆட்சேபமே இல்லை. ஒரே மாதிரி தெரிவதில்தான் ஆட்சேபம். 1865இல் இந்த அனுமதி மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கும் விரிந்தது. தாளில் விரிந்தது என்று சொல்வது சரி. ஐம்பது ஆண்டு கழித்து, 1915இல், கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையப் பெண்கள் அடிமை அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறியப் புலையர் தலைவர் அய்யன்காளி அழைத்தபோது மறுபடி ரத்தம் சிந்தியது.

இந்தக் கதையோடு இன்று ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பெயர் நங்கேலி. சேர்த்தலையில் முலைவரி கேட்டு வந்தவன் முன் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தவள் என்பது வாய்மொழிக் கதை. மார்பின் அளவுக்கேற்ப வரி போட்டார்கள் என்று படங்களோடு அது கைப்பேசிகளில் சுற்றுகிறது. வரி இருந்தது உண்மை. ஆணுக்குத் தலைக்கரம், பெண்ணுக்கு முலைக்கரம் என்று பெயர் வைத்த ஆள்வரி அது. மறைக்கும் உரிமைக்கான கட்டணமோ அளந்து பார்த்துப் போட்டதோ அல்ல. ஏழைப் பெண்ணின் வரி எதிர்ப்பாகத் தொடங்கிய கதை, பின்னால் வந்தவர்களின் கூச்சத்தால் மானக் கதையாக மாறிவிட்டது என்று வரலாற்றாசிரியர் மனு எஸ். பிள்ளை எழுதியிருக்கிறார். தோள்சீலைக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கிறது. ஊழியமும் வரியும் உதிர்ந்துபோய் மார்பும் மானமும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

குப்பாயத்துக்கு முன்மாதிரியான முஸ்லிம் பெண்களின் கதை வேறு திசையில் போனது. அவர்களுடைய சட்டையை யாரும் கிழிக்கவில்லை. அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் கூப்பிடவும் இல்லை. தேங்காய்ப்பட்டினத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரான் 1988இல் புத்தகமாக வெளியிட்ட 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊர் முதலாளியும் தங்ஙள் என்ற மதப் பெரியவரும் சேர்ந்து ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை வரவிடாமல் தடுக்கப் பார்க்கிறார்கள். சுதந்திரத்துக்கு முந்தைய காலம் அது. மார்த்தா மால்ட்டின் பள்ளி தொடங்கி நூறாண்டு தாண்டியிருந்தது. ஒரே மாவட்டம், பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தூரம்.

மிஷனையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது. முப்பது ஆண்டுக்கு மேல் இந்தப் பெண்களுக்காகச் சண்டை போட்ட மீட், இரண்டாம் முறை மனைவியை இழந்த பின் 1850களின் தொடக்கத்தில் லோயிஸ் என்ற தலித் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக பாதிரிமாருக்கு அது பொறுக்கவில்லை. அவர் லண்டன் மிஷனை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு அவருக்கு வேலை கொடுத்தது திருவிதாங்கூர் சர்க்கார். 1855இல் அரசுப் பள்ளிகளின் மேற்பார்வையாளர் பதவி.

2016 டிசம்பரில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கலகத்தைச் சொல்லும், சாதி, மோதல், உடைமாற்றம் பற்றிய பகுதியை நீக்கியது. அடுத்த தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்றது. அந்தப் பகுதி இருந்த உடைகள் பற்றிய அத்தியாயத்தையே 2019இல் பாடநூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2023 மார்ச் 6ஆம் தேதி நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு விழா. அன்றைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் கேரள முதல்வர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் பேசினார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதிவரை கல்குளமும் விளவங்கோடும் திருவனந்தபுரத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதால் இரண்டு மாநிலங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பேச்சுகளில் சீலைதான் அதிகம் வந்தது. குலசேகரத்துக்கு மேலே அரசு ரப்பர் கழகத் தோட்டங்களில் பால் வெட்டும் பெண்களும் ஆண்களும் கூலி உயர்வுக்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அது செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் வருகிறது.